ஆய்வாளரை எடைபோடுவது எப்படி? மேற்கோள் எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

சில வாரங்களுக்கு முன் படிவம் நான்கு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் ஒரு தாளை என்னிடம் நீட்டினாள். குடும்பப் புலனக் குழுவில் வந்த செய்தியை அவள் கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் இரத்த அழுத்த மாத்திரைகள் தேவையற்றவை என்று சொல்கிறாராம். அவர் 300 ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவராம். அவரை 10,000 முறை மற்றவர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். அந்தச் செய்தியைப் படித்த அவளுடைய பாட்டி மூன்று நாளாக மாத்திரையைத் தொடவில்லை.

"டீச்சர், இத்தனை கட்டுரை எழுதியவர் சொல்வது எப்படித் தப்பாக இருக்கும்?" என்று அவள் கேட்டாள்.

நல்ல கேள்வி. உங்கள் வீட்டுக்கும் இப்படிப்பட்ட செய்தி வந்திருக்கலாம். பட்டம், கட்டுரை எண்ணிக்கை, மேற்கோள் எண்ணிக்கை ஆகியவற்றைக் கண்டதும் நாம் சற்று அடங்கிப் போகிறோம். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எதை அளக்கின்றன, எதை அளப்பதில்லை என்பதை இந்த வாரம் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்குச் சுகாதாரக் கொள்கைத் துறையை எடுத்துக்கொள்கிறேன். மருத்துவமனைகள் எப்படி நடக்க வேண்டும், சிகிச்சைக்கான செலவை யார் ஏற்க வேண்டும், எந்த மருந்தை எவ்வளவு கட்டுப்பாட்டோடு கொடுக்க வேண்டும் என்று ஆராயும் துறை அது. அங்கே எழுதப்படும் ஒரு வரி, பல ஆண்டுகள் கழித்து நம் மருந்துச் சீட்டில் வந்து நிற்கும்.

மேற்கோள் என்றால் என்ன?

ஆய்வாளர் ஒருவர் தம் கண்டுபிடிப்பை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்புகிறார். அதே துறையைச் சேர்ந்த வேறு சிலர் அதைப் படித்துக் குறை நிறை சொல்கிறார்கள். தேறினால் கட்டுரை அச்சாகிறது. அதன் கடைசியில், தாம் பயன்படுத்திய முந்தைய கட்டுரைகளின் பட்டியலை எழுதியவர் தருகிறார். அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை இடம்பெற்றால், உங்களுக்கு ஒரு மேற்கோள் கிடைத்தது என்று பொருள்.

ரொட்டி சானாய் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய ஊருக்குப் போகிறீர்கள். நல்ல கடை எது என்று கேட்கிறீர்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே கடையைக் காட்டினால், அங்கே போகிறீர்கள். மேற்கோள் எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் எண்ணமும் இதுதான். பலர் கைகாட்டும் கட்டுரையில் ஏதோ இருக்க வேண்டும்.

ஆனால் அந்த எட்டுப் பேரும் அந்தக் கடையில் சாப்பிட்டவர்களா? அல்லது யாரோ சொன்னதைக் கேட்டுச் சொல்கிறார்களா? இந்தச் சந்தேகத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

எண்ணத் தொடங்கியவர்

அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு யோசனையை எழுதினார். ஒரு தீர்ப்பைப் பின்னர் எந்தெந்த வழக்குகள் சுட்டின என்று பட்டியலிடும் நூல்கள் அமெரிக்க வழக்கறிஞர்களிடம் ஏற்கெனவே இருந்தன. அறிவியலுக்கும் அப்படியொரு பட்டியல் வேண்டும் என்றார் அவர். 1964இல் அவருடைய நிறுவனம் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது.

அவருடைய முதல் நோக்கம் ஆய்வாளர்களுக்கு மதிப்பெண் போடுவது அன்று. ஒரு கட்டுரையில் தவறு இருந்தால், அதைச் சுட்டிக்காட்டிய பிற்காலக் கட்டுரையை எளிதில் கண்டுபிடிக்க வேண்டும் என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. தேடுவதற்குச் செய்த கருவி, காலப்போக்கில் எடைபோடும் தராசாகிவிட்டது. வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும்போதும் பதவி உயர்வு தரும்போதும் இந்த எண்களைப் பார்க்கும் பழக்கம் உலகெங்கும் பரவியது.

பென்சிலை எடுங்கள்: எச்-குறியீடு

வெறும் கூட்டுத் தொகையில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஒரு கட்டுரை பெரும்புகழ் பெற்றால் மொத்தமும் எகிறிவிடும். இதைச் சரிசெய்ய, ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் ஒரு கணக்கைச் சொன்னார். அதற்கு எச்-குறியீடு என்று பெயர்.

கணக்கு எளிது. ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். 1, 2, 3 என்று எண் போடுங்கள். மேற்கோள் எண்ணிக்கை வரிசை எண்ணுக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ இருக்கும் கடைசி இடம் எதுவோ, அதுதான் அவருடைய எச்-குறியீடு.

ஆய்வாளர் 'அ' ஏழு கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அவற்றின் மேற்கோள்கள் 50, 18, 11, 7, 6, 5, 2. ஐந்தாம் கட்டுரைக்கு 6 மேற்கோள், தேறுகிறது. ஆறாம் கட்டுரைக்கு 5 மட்டுமே, தேறவில்லை. ஆகவே எச்-குறியீடு 5. மொத்த மேற்கோள் 99.

ஆய்வாளர் 'ஆ' மூன்றே கட்டுரைகள் எழுதினார். மேற்கோள்கள் 4,000, 300, 2. மொத்தம் 4,302. எச்-குறியீடோ 2.

ஆய்வாளர் 'இ' இருபது கட்டுரைகள் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் சரியாக 20 மேற்கோள். மொத்தம் 400. எச்-குறியீடு 20.

மூவரில் யார் சிறந்தவர்? மொத்தத்தைப் பார்த்தால் 'ஆ'. எச்-குறியீட்டைப் பார்த்தால் 'இ'. ஒரே மூவர், இரண்டு வரிசை. இந்தக் கணக்கை வகுப்பில் போட்டபோது, பின் வரிசைப் பையன் ஒருவன் "அவர்கள் என்ன எழுதினார்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?" என்று கேட்டான். அன்று பாடத்தைப் புரிந்துகொண்டவன் அவன்தான்.

இதழ்களுக்கும் இப்படியோர் எண் உண்டு. தாக்கக் காரணி என்பார்கள். ஓர் இதழ் இரண்டு ஆண்டுகளில் 100 கட்டுரைகளை வெளியிட்டு, அவற்றுக்கு அடுத்த ஆண்டில் 300 மேற்கோள்கள் வந்தால், தாக்கக் காரணி 3. இது சராசரிதான். அந்த 300இல் 200ஐ ஒரே கட்டுரை வாங்கியிருக்கலாம். பல கட்டுரைகளை யாருமே சீண்டாமல் இருந்திருக்கலாம். வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைப் பார்த்து உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்ல முடியுமா? அதே கதைதான் இங்கும்.

ஒரு கட்டுரையால் நினைக்கப்படுபவர்

இனி உண்மையான ஒருவரைப் பார்ப்போம். பெயர் அவேடிஸ் டொனபீடியன். 1919இல் பெய்ரூட்டில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். பாலஸ்தீனத்தில் வளர்ந்தார். பெய்ரூட்டிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று, ஹார்வர்டில் பொதுச் சுகாதாரம் பயின்று, 1961 முதல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

1966இல் அவர் 'மில்பேங்க் மெமோரியல் ஃபண்ட் குவார்ட்டர்லி' என்ற இதழில், மருத்துவச் சேவையின் தரத்தை மதிப்பிடுவது பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் புதிய மருந்து இல்லை. புதிய பரிசோதனையும் இல்லை. அதுவரை பலர் எழுதியதைப் படித்து, ஒழுங்குபடுத்தி, ஒரு கேள்விக்கு விடை தேடினார். நல்ல சிகிச்சை என்று எதை வைத்துச் சொல்வது?

மூன்று இடங்களில் பாருங்கள் என்றார் டொனபீடியன். முதலாவது கட்டமைப்பு. கட்டடம், கருவிகள், மருத்துவர், தாதியர் ஆகியோரின் எண்ணிக்கை, அவர்களின் தகுதி இவையெல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது செயல்முறை. நோயாளியிடம் சரியாக விசாரித்தார்களா, தேவையான பரிசோதனையைச் செய்தார்களா, சரியான மருந்தைக் கொடுத்தார்களா என்பது. மூன்றாவது விளைவு. நோயாளி குணமானாரா, வலி குறைந்ததா, எழுந்து நடந்தாரா என்பது.

உங்கள் வீட்டருகே உள்ள கிளினிக்கை இந்த மூன்று கண்களாலும் பார்த்துப் பாருங்கள். குளிர்சாதனம் இருக்கிறது, இருக்கை வசதியாக இருக்கிறது, அது கட்டமைப்பு. நீரிழிவு நோயாளியான உங்கள் அப்பாவின் பாதத்தை மருத்துவர் பரிசோதித்தாரா? அது செயல்முறை. ஓராண்டில் அவருடைய சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்ததா? அது விளைவு. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் மருத்துவத் தரம் பற்றிய பேச்சு இந்த மூன்று சொற்களைச் சுற்றித்தான் நடக்கிறது. அந்தக் கட்டுரை பல ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. 2005இல் அதே இதழ் அதை மறுபடி அச்சிட்டது.

இப்போது நாம் போட்ட கணக்குக்குத் திரும்புங்கள். பல ஆயிரம் மேற்கோள் வாங்கிய அந்தக் கட்டுரை எச்-குறியீட்டில் எத்தனையாக எண்ணப்படும்? ஒன்றாக மட்டுமே. 1980களில் தரமதிப்பீடு பற்றி அவர் மூன்று தொகுதிகளாகப் பெரிய நூல் எழுதினார். ஆய்விதழ்களை மையமாக வைத்து உருவான தரவுத்தளங்களில் நூல்களுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு கருத்து எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டால், யார் சொன்னது என்று எழுதுவதையே விட்டுவிடுவார்கள். புவியீர்ப்பு பற்றி எழுதும்போதெல்லாம் நாம் நியூட்டனின் நூலைப் பட்டியலில் சேர்ப்பதில்லை அல்லவா? மிகப் பெரிய வெற்றி, மேற்கோள் கணக்கில் காணாமல் போகிறது.

டொனபீடியன் 2000ஆம் ஆண்டில் காலமானார். கடைசிக் காலத்தில் அவரே புற்றுநோயாளியாக மருத்துவமனையில் இருந்தார். தாம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த அமைப்பை, படுக்கையில் இருந்தபடி பார்த்தார். அப்போது அளித்த பேட்டியில், அமைப்புகளும் அளவீடுகளும் முக்கியமானவையே, ஆனால் தரத்தின் இரகசியம் அன்புதான் என்ற கருத்தைச் சொன்னார். அளவீட்டைக் கற்றுக்கொடுத்தவரே சொன்னது இது.

ஐந்து வாக்கியங்கள், 608 மேற்கோள்கள்

டொனபீடியனின் மேற்கோள்கள் தகுதிக்குக் கிடைத்தவை. எல்லா மேற்கோளும் அப்படியா?

1980 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழின் கடிதப் பகுதியில் ஒரு சின்னக் கடிதம் வந்தது. எழுதியவர்கள் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக். மொத்தம் ஐந்து வாக்கியங்கள். மருத்துவமனையில் தங்கியிருந்தபோது ஓபியாய்டு வகை வலிநிவாரணி பெற்ற 11,882 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தோம். போதைப்பழக்க வரலாறு இல்லாதவர்களில் தெளிவாகப் பதிவான அடிமைத்தனம் நான்கு பேரிடம் மட்டுமே காணப்பட்டது என்று அவர்கள் எழுதினார்கள்.

இதில் பொய் இல்லை. ஆனால் எல்லையைக் கவனியுங்கள். அவர்கள் மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகள். மருந்து தாதியின் கையால் வந்தது. வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனது, மாதக்கணக்கில் தின்றால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்தக் கடிதம் எதுவும் சொல்லவில்லை.

பின்னர் என்ன நடந்தது? நாள்பட்ட முதுகுவலி, மூட்டுவலி போன்றவற்றுக்கும் ஓபியாய்டு மாத்திரைகளைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்ற கருத்து அமெரிக்காவில் வலுத்தது. அதற்குச் சான்றாக இந்தக் கடிதம் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டது. 1990களின் நடுவில் ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரை சந்தைக்கு வந்த பிறகு, கடிதத்தைச் சுட்டும் கட்டுரைகள் பெருகின.

2017இல் கனடா ஆய்வாளர்கள் சிலர் உட்கார்ந்து எண்ணினார்கள். அந்தக் கடிதத்தைச் சுட்டிய வெளியீடுகள் 608. அதே காலத்தில் அதே இதழில் வந்த மற்றக் கடிதங்களின் மேற்கோள்களுக்கு நடுமதிப்பு வெறும் 11. அந்த 608இல் 439, அதாவது 72.2 விழுக்காடு, ஓபியாய்டுக்கு அடிமையாவது அரிது என்பதற்கு ஆதாரமாகக் கடிதத்தைக் காட்டின. 491, அதாவது 80.8 விழுக்காடு, அந்த நோயாளிகள் மருத்துவமனையில் தங்கியிருந்தவர்கள் என்ற செய்தியையே விட்டுவிட்டன.

ரொட்டி சானாய் கடையை மறந்துவிடவில்லையே? கைகாட்டியவர்களில் பெரும்பாலோர் அங்கே சாப்பிடவே இல்லை. ஐந்து வாக்கியங்களைக் கூட ஒழுங்காகப் படிக்கவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்தார். அவர் எழுதியதை இன்னொருவர் எடுத்தார்.

அமெரிக்காவில் 1999 முதல் 2019 வரை ஓபியாய்டு தொடர்பான அளவுமீறலால் ஏறக்குறைய 500,000 பேர் இறந்தார்கள். இதற்கு அந்தக் கடிதம் மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமன்று. மருந்து நிறுவனத்தின் விளம்பரம், தளர்ந்த கண்காணிப்பு, கள்ளச்சந்தை என்று பல காரணங்கள் சேர்ந்தன. ஆக்ஸிகான்டினை விற்ற பர்டியூ தரப்பு, அடிமைப்படுத்தும் அபாயத்தை மறைத்து மருந்தைத் தவறாக விளம்பரப்படுத்தியதை 2007இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஆனால் பயமில்லாமல் மருந்துச் சீட்டு எழுத மருத்துவர்களுக்குத் துணிவு தந்தவற்றில் அந்த மேற்கோள் சங்கிலியும் ஒன்று. தம் கடிதம் இப்படிப் பயன்பட்டது குறித்து ஜிக் பின்னாளில் வருந்தினார். விமர்சனமின்றி அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கடிதம் இது என்ற எச்சரிக்கையை இதழ் இப்போது அதனுடன் சேர்த்திருக்கிறது.

திட்டினாலும் மேற்கோள்தான்

இன்னொரு பக்கமும் உண்டு. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் உடன் எழுதியவர்களும் 'தி லேன்சட்' இதழில் 12 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைக்கும் அச்சத்தைக் கிளப்பியது. பின்னால் நடந்த பெரிய ஆய்வுகள் அப்படித் தொடர்பு எதுவும் இல்லை என்று காட்டின. 2010இல் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

அந்தக் கட்டுரைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் உண்டு. பெரும்பாலானவை அது தவறு என்று சொல்வதற்காகச் சுட்டியவை. ஆனால் எண்ணும் கணினிக்குப் பாராட்டும் திட்டும் ஒன்றே. இரண்டையும் "ஒன்று" என்றே கூட்டும். புலனச் செய்தியில் வரும் "10,000 மேற்கோள்" இவற்றில் எந்த வகை என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

மேற்கோளில் வராத சாதனை

சுகாதாரக் கொள்கை ஆய்வாளருக்கு இன்னொரு சங்கடம். அவருடைய வாசகர் பெரும்பாலும் மற்ற ஆய்வாளர் அல்லர்; அமைச்சின் அதிகாரி, மருத்துவமனை இயக்குநர், நாடாளுமன்ற உறுப்பினர். அவர்கள் படிப்பார்கள், முடிவெடுப்பார்கள். ஆனால் ஆய்விதழில் கட்டுரை எழுதி மேற்கோள் காட்ட மாட்டார்கள்.

நம் பக்கத்து நாடான தாய்லாந்தைப் பாருங்கள். மருத்துவர் சங்குவான் நித்தயாரும்போங், கிராமப்புற மருத்துவமனையில் பணியாற்றியவர். எல்லா மக்களுக்கும் சிகிச்சைக் காப்பு தர நாட்டால் முடியும் என்று வாதாடிய சீர்திருத்தவாதிகளில் முன்னணியில் இருந்தவர். அவரும் சக ஆய்வாளர்களும் செலவுக் கணக்குகளையும் முன்னோடித் திட்டங்களின் அனுபவத்தையும் சேர்த்துத் தயாராக வைத்திருந்தார்கள். 2001இல் அரசியல் வாய்ப்பு வந்தது. ஒருமுறை சிகிச்சைக்கு 30 பாட் என்ற திட்டம் தொடங்கியது. 2002இல் தேசியச் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அந்தத் திட்டத்தின் கீழ் நாட்டு மக்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் வந்தார்கள். நெல் வயலில் வேலை செய்யும் ஒருவர், நிலத்தை விற்காமல் அறுவை சிகிச்சை செய்துகொள்ள முடிந்தால், அதை எந்த மேற்கோள் அட்டவணை எண்ணும்?

இத்துடன் மற்ற ஏற்றத்தாழ்வுகளும் சேரும். உயிர்வேதியியலில் ஆய்வாளர்கள் அதிகம், கட்டுரைகள் அதிகம், மேற்கோளும் அதிகம். உலகிலேயே அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது தெரியுமா? புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையை விளக்கி ஆலிவர் லோரியும் உடன் பணியாற்றியவர்களும் 1951இல் எழுதியது. 300,000 முறைக்கு மேல். ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் பயன்படுத்தும் சமையல் குறிப்பு மாதிரி அது. டி.என்.ஏ.யின் வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரை அதன் அருகில்கூட வராது. துறைக்குத் துறை எண் மாறும். வயது கூடக் கூட எண்ணும் கூடும். இளைய ஆய்வாளருக்கு அது சிறியதாகத்தான் இருக்கும். தம் கட்டுரையைத் தாமே சுட்டிக்கொள்வோரும் உண்டு. ஒரே ஆளுக்கு வெப் ஆஃப் சயன்ஸ், ஸ்கோப்பஸ், கூகல் ஸ்காலர் ஆகிய மூன்றும் மூன்று வேறு எண்களைக் காட்டும். ஒவ்வொன்றும் எண்ணும் பரப்பு வேறு.

இதையெல்லாம் ஆய்வுலகமும் உணர்ந்திருக்கிறது. 2012 இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் வெளியீட்டாளர்களும் ஓர் அறிக்கையை உருவாக்கினார்கள். இதழின் தாக்கக் காரணியை வைத்து ஆய்வாளரை எடைபோடாதீர்கள், ஆய்வின் தரத்தைப் பாருங்கள் என்பது அதன் சாரம். 2015இல் லெய்டன் அறிக்கை பத்துக் கொள்கைகளை முன்வைத்தது. எண்கள் நிபுணரின் தீர்ப்புக்குத் துணையாக இருக்கலாம், அதற்குப் பதிலாக வரக்கூடாது என்றது.

டொனபீடியனின் மூன்று கண்கள்

எனக்கு இதில் ஒரு பொருத்தம் தெரிகிறது. மருத்துவமனைக்கு டொனபீடியன் சொன்ன அளவுகோலை ஆய்வாளருக்கும் வைத்துப் பாருங்கள். எங்கே வேலை செய்கிறார், எந்த இதழில் எழுதினார் என்பது கட்டமைப்பு. யாரை ஆராய்ந்தார், எத்தனை பேரை, எவ்வளவு காலம், எதோடு ஒப்பிட்டார் என்பது செயல்முறை. மேற்கோள் எண்ணிக்கை விளைவுகளில் ஒன்று, ஒன்றே ஒன்று.

விளைவை மட்டும் பார்ப்பதில் ஆபத்து உண்டு என்று அவரே எச்சரித்திருந்தார். சிகிச்சையைத் தவிர வேறு பல காரணங்களும் விளைவை மாற்றும். மிக மோசமான நோயாளிகளை ஏற்கும் மருத்துவமனையில் இறப்பு கூடுதலாக இருக்கும். அதனால் அது கெட்ட மருத்துவமனை ஆகிவிடாது. அதுபோலவே மேற்கோள் குறைந்தவர் மோசமான ஆய்வாளர் அல்லர்; கூடியவர் சொல்வதெல்லாம் வேதவாக்கும் அன்று.

அடுத்த முறை "உலகப் புகழ்பெற்ற ஆய்வாளர்" என்ற செய்தி வந்தால், இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

1. அவர் பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறதா? பெயரே இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

2. அவருடைய கட்டுரைகள் இந்த விஷயத்தைப் பற்றியவையா? எலும்பு பற்றி 300 கட்டுரை எழுதியவர் இதயம் பற்றிச் சொன்னால், அந்த 300க்கும் இங்கே வேலை இல்லை.

3. சொல்லப்படும் ஆய்வில் இருந்தவர்கள் யார்? வயது, நோய், இடம் ஆகியவை உங்கள் வீட்டு நோயாளிக்குப் பொருந்துமா? 11,882 பேர் என்ற பெரிய எண்ணுக்குப் பின்னால் மருத்துவமனைக் கட்டில்கள் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா? இதழின் இணையப் பக்கத்தில் கட்டுரையின் தலைப்போடு அந்தக் குறிப்பு இருக்கும்.

5. மற்ற ஆய்வுகளும் இதையே சொல்கின்றனவா? ஒரு கட்டுரையைவிட, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட தொகுப்பாய்வு நம்பகமானது.

6. இதை நம்பி நான் ஒரு மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ போகிறேனா? ஆம் என்றால், உங்கள் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்காமல் எதையும் செய்யாதீர்கள்.

மாணவியின் தாளுக்கு இந்தக் கேள்விகளை நாங்கள் இருவரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். முதல் கேள்வியிலேயே அது விழுந்துவிட்டது. ஆய்வாளரின் பெயர் எங்கும் இல்லை. 300, 10,000 என்ற இரண்டு எண்கள் மட்டுமே இருந்தன. அன்று மாலையே பாட்டியைக் கிளினிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். அளந்து பார்த்தபோது இரத்த அழுத்தம் ஏறியிருந்ததாம். மருத்துவர் கோபித்துக்கொள்ளாமல், மாத்திரை எதற்கு என்பதைப் பாட்டிக்குப் புரியும்படி பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். பாட்டி மறுபடியும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.

மறுவாரம் அந்த மாணவி வந்து, "குழுவில் அந்தச் செய்தியை அனுப்பிய மாமாவிடம், அந்த ஆய்வாளரின் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறேன், டீச்சர்" என்றாள். இன்னும் பதில் வரவில்லையாம்.